பின்பக்க மூடி

கண்ணாடியை முதலில் கழற்ற வேண்டும். கீழே பழைய போர்வையை விரித்து, இரண்டு கையாலும் பிடித்து, "கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கோணுங்க" என்று கம்ப்யூட்டர் கேபினெட் விற்ற ஜெரால்டு அன்றைக்குச் சொன்னார், அவருக்கென்ன தெரியும், வாய்க்கு வந்ததைச் சொன்னார், ஆனால் பத்து மாதமாக இந்தக் கண்ணாடியைக் கழற்றும்போதெல்லாம் அந்த வார்த்தை விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணி இருக்கும். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நூல் மில். ஜன்னலை எவ்வளவு சாத்தினாலும் பஞ்சு உள்ளே வந்துவிடும், கேபினெட்டின் முன்வலையில் கம்பளி மாதிரி படிந்துவிடும், மாதம் ஒருமுறை துடைக்காவிட்டால் உள்ளே சூடேறி விளையாட்டின் நடுவில் எல்லாம் பட்டென்று அணைந்துபோகும். அதனால் துடைக்கிறேன். இப்படித்தான் கோகிலாவிடம் சொல்லிவிட்டு இந்த அறைக்குள் வந்தேன். அவள் சமையலறையில் இருக்கிறாள், மிக்ஸி ஓடுகிறது, மிக்ஸி ஓடுகிறவரை எனக்கு நேரம் இருக்கிறது. எதற்கு நேரம்? முன்வலை, மேல்வலை, மூன்று ஃபேன், எல்லாம் சாக்கு. நான் கழற்ற வேண்டியது பின்பக்க மூடியை. அதற்குள்ளே, ஒயர்களுக்கு நடுவில், நான்காய் மடித்த ஒரு லேப் ரிப்போர்ட் இருக்கிறது. என் பெயர் போட்டது. பூபதி, வயது முப்பத்தேழு, ஆண். அந்த 'ஆண்' என்ற வார்த்தைக்குக் கீழே நிற்கிற எண்ணை நான் இரண்டாம் முறை படித்ததில்லை.

காலையில் காபி குடிக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. கோகிலா தரையில் உட்கார்ந்து தன் பேப்பர்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள், ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன், குழந்தை இல்லாத ஏழு வருஷத்தில் அவள் உடம்பை எத்தனை பேர் எழுதிவைத்திருக்கிறார்கள். நாளைக்குப் பத்து மணிக்குப் புது டாக்டரம்மா. அம்மா ஏற்பாடு. "ஏனுங்க, உங்க ரிப்போர்ட்டு எங்கீங்க? எல்லாத்தையும் கொண்டாரச் சொல்லீருக்காங்க" என்றாள் தலையைத் தூக்காமல். எனக்குக் காபி சுடாமலேயே சுட்டது. "அதான் அப்பவே தொலஞ்சு போச்சுன்னு சொன்னனே. நார்மல்தான்." "நார்மல்னு நானும் சொன்னனுங்க. வாயில சொன்னா அவங்க எடுத்துக்க மாட்டாங்களாம். நாளைக்கே உங்களுக்கு மறுபடியும் எடுத்துப் பாத்தரலாம்னாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேப்பரைத் தட்டிச் சமன் செய்தாள். அவ்வளவுதான். பயப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று சுறுசுறுப்பாகிவிட்டது, எலி மாதிரி, ஒரு சந்து தெரிந்ததும் ஓடுகிற எலி மாதிரி. நாளைக்கு எடுக்கட்டும். நாளைக்கு வருகிற முடிவுதான் முதல் முடிவு. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து, அப்போதுதான் கேள்விப்படுகிறவனாகக் கேள்விப்படலாம். போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர் என்றுகூடச் சொல்லலாம். அதற்கு ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். பழைய தாளைக் கிழித்துப்போட வேண்டும். போர்வையைத் தேடி எடுத்துக்கொண்டு, "கம்ப்யூட்டரத் தொடச்சுட்டு வந்தர்றேன்" என்றேன்.

அந்தத் தாள் கையில் வந்தது வைகாசியில். லேப்பில் கவுன்ட்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்க்காமல் கவரை நீட்டினாள். அவள் எல்லோருக்கும் அப்படித்தான் நீட்டுவாளாக இருக்கும், ஆனால் அவள் பார்த்திருந்தால் தேவலை என்று அப்போது தோன்றியது. வண்டி நிறுத்துமிடத்தில் நின்று படித்தேன். நான் பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறவன், பதினான்கு வருஷமாக இதே மாதிரித் தாள்தான் என் சோறு, இருக்க வேண்டிய அளவு ஒரு பக்கம், இருக்கிற அளவு ஒரு பக்கம், குறைந்தால் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைக்க வேண்டும். எனக்கு அந்தத் தாளைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கோகிலா வாசலிலேயே நின்று, "என்னங்க சொன்னாங்க?" என்றாள். நார்மல் என்றேன். அதைச் சொல்ல நான் முடிவு செய்யவே இல்லை, சத்தியமாக, வாய் தானாகச் சொல்லிவிட்டது, சொன்ன பிறகு என் வாயைப் பார்த்து நானே திகைத்து நின்றேன். அவள் முகம் விழுந்தது. எனக்காகச் சந்தோஷப்பட்டு, அதே நொடியில் தனக்குள் விழுந்தது. அப்பக் கொறை என்கிட்டத்தான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் கேட்டது.

மூன்றாம் நாள் காந்திபுரத்தில் ஜெரால்டு கடைக்குப் போனேன். என்னிடம் இருந்தது ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய இரும்பு டப்பா. உள்ளே இருந்ததெல்லாம் நல்ல சாமான்கள்தான், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது, கிராஃபிக்ஸ் கார்டுகூட இருந்தது, டப்பாதான் அசிங்கம், ஒரு மூலை நசுங்கி, பட்டன் உள்ளே போனால் வெளியே வராது. வரிசையாக அடுக்கியிருந்த கேபினெட்டுகளுக்கு முன்னால் நின்றபோது என் நெஞ்சு படபடத்ததை நினைத்தால் இப்போதுகூடக் காது சுடுகிறது. பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படிப் படபடக்கவில்லை. ஜெரால்டு ஒன்றைக் காட்டினார், கறுப்பு, கதவு வைத்தது, கதவுக்கு உள்பக்கம் பஞ்சு ஒட்டிச் சத்தம் வெளியே வராது, "வீட்டுல வெக்கறதுக்கு இதுதாங்க அடக்கம்" என்றார். எனக்கு அடக்கம் வேண்டாம். எனக்கு அந்த வெள்ளைதான் வேண்டும், பக்கவாட்டில் முழுக்கக் கண்ணாடி, முன்னால் மூன்று ஃபேனிலும் விளக்கு. "கண்ணாடின்னா உள்ள இருக்கறது பூரா தெரியுமுங்க, ஒயரையெல்லாம் ஒளிக்கோணும்" என்று ஜெரால்டு அதைத் திருப்பி மறுபக்கத்து இரும்பு மூடியைக் கழற்றிக் காட்டினார், மதர்போர்டு என்கிற தாய்ப்பலகைக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து. "எல்லாரும் மொதல்ல கண்ணாடியத்தான் பாக்கறாங்க. நான் இதத்தான் பாப்பேன். இந்த எடம் இருந்தா எவ்வளவு அலங்கோலத்தையும் தள்ளி மூடியப் போட்டுக்கலாம், ஆருக்கும் தெரியாது." அவர் நல்ல மனிதர். வியாபாரத்துக்காகச் சொன்னார். நான் அப்போதே என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், தாள் அங்கேதான் இருந்தது, மூன்று நாளாக அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டை மாற்றும்போதெல்லாம் பை மாற்றிக்கொண்டிருந்தேன். பீரோ கோகிலாவுடையது. ஆபீஸ் மேசைக்குப் பூட்டு இல்லை. கிழித்திருக்கலாம். ஏன் கிழிக்கவில்லை? கிழித்துவிட்டால் நான் பொய் சொன்னவன், வைத்திருந்தால் இன்னும் சொல்லாதவன். அப்படி ஒரு கணக்கு. இத்தனை நாள் அந்தக் கணக்கில்தான் தூங்கினேன்.

சாமான்களை எல்லாம் பழைய டப்பாவிலிருந்து புதியதற்கு மாற்ற ஒரு பகல் பிடித்தது. அதே தாய்ப்பலகை, அதே கார்டு, அதே ஒயர், உடம்பு மட்டும் புதிது. சுவிட்சைப் போட்டதும் நீலமாக எரிந்தது, கோகிலா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்து, "அய்யோ, தேர் மாதிரி இருக்குதுங்க" என்றாள். நாங்கள் குடிவந்த அன்றைக்கு அம்மா இந்த அறையைப் பார்த்து, இது கொழந்தைக்கு என்று சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது, இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்கு இந்தப் பெட்டியைப் பிடித்துவிட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் சாயங்காலம் லாரி ஓட்டுகிற விளையாட்டை ஓட்டினால் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், பனி பெய்கிற ரோட்டில் என் லாரி போய்க்கொண்டே இருக்கும், "அந்த ஊர்ல ரோட்டோரம் ஒரு டீக்கடைகூட இல்லீங்களா?" என்பாள். ஆயுத பூஜைக்கு என் வண்டிக்கும் அவள் மிக்ஸிக்கும் பொட்டு வைத்தவள் இதன் கண்ணாடியிலும் சந்தனத்தைக் குழைத்து வைத்துக் கும்பிட்டாள். நான் பின்னால் நின்றேன். அவள் கும்பிட்ட பெட்டிக்குள் நான் எதை வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். சூடத்தட்டை என்னிடம் நீட்டினாள், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இதற்கெல்லாம் ஒரு மனுஷனுக்குக் கை கூசாதா? கூசியது. கூசக் கூச ஒற்றிக்கொண்டேன்.

ஆவணியை நினைக்கக் கூடாது, மேல்வலையைத் தட்டு, காந்தம் வைத்தது, மெதுவாக எடு, இந்தா பஞ்சு, பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தள்ளினால் சுருண்டு வரும், ஆவணியை நினைக்காமல் எப்படி. ஆடி கழியட்டும் என்று அம்மா சொன்னதால் கோகிலாவுக்கு ஆவணியில் செய்தார்கள். வயிற்றில் மூன்று சின்னத் துளை போட்டு, உள்ளே காற்றை நிரப்பி, குழாய் விட்டுப் பார்ப்பது. வீட்டுக்காரரோட ரிப்போர்ட்டு என்று அப்போதிருந்த டாக்டர் கேட்டபோது கோகிலாதான் எனக்கு முந்திக்கொண்டு, "அவருக்கு எல்லாம் நார்மலுங்க" என்றாள், எனக்காகப் பெருமையோடு சொன்னாள், டாக்டரும் எழுதிக்கொண்டார். ஒப்புதல் படிவத்தில் கணவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தேறாத பம்பைத் தேறியது என்று ஒருநாளும் கையெழுத்துப் போட்டவனில்லை நான், வாங்குகிறவன் கிணற்றில் இறக்கின பிறகு ஏமாறுவானே என்று மேலாளரோடு சண்டை போட்டிருக்கிறேன். அங்கே ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை, பேனா நன்றாக எழுதியது. வெளியே கொண்டுவந்து படுக்கவைத்ததும் அவள் வயிற்றைப் பிடிக்கவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வயித்துலதான ஓட்டை போட்டாங்க, தோளு ஏனுங்க இப்படி வலிக்குது?" உள்ளே அடைத்த காற்று மேலே ஏறி அங்கே வலிக்குமாம், நர்ஸ் சொன்னாள். இரண்டு நாள் தைலம் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அவள், "உங்களுக்குத்தான் சிரமம்" என்றாள். உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு வந்தது. அம்மா அதற்கும், "எல்லாம் நல்லா இருந்தா ஏன் தங்க மாட்டீங்குது?" என்றாள். தை மாதம் என் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு, கோகிலா வளையலை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது அம்மா அவள் முழங்கையைத் தொட்டு, "நீ அப்பறம் போட்டுக்கலாம் கண்ணு" என்று அக்கட்டால, வரிசைக்கு வெளியே, நகர்த்தினாள், மெதுவாகத்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது. நான் பந்தலுக்குக் கீழே பாயசத்தோடு நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். வாயில் பாயசம் இருந்தது. முழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன், முழுங்கினேன், டம்ளரில் இன்னும் கொஞ்சம் இருந்தது, அதையும் குடித்தேன்.

மிக்ஸி நின்றுவிட்டது. கேபினெட்டைத் திருப்பிவைத்தேன். இரண்டு ஸ்குரூ, கையாலேயே திருகலாம். மூடியை இழுத்ததும் ஒயர்கள் மூச்சு விட்ட மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு வந்தன, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பட்டையாக ஒன்று, எல்லாவற்றையும் அன்றைக்கு அவசரத்தில் உள்ளே அடைத்து முழங்காலால் அழுத்தி மூடினேன், ஜெரால்டு பார்த்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார். தாள் அங்கேயே இருந்தது, ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக்கில் கட்டியபடி. சூட்டில் மடிப்புகள் பழுத்திருந்தன. உருவி எடுத்துப் பனியனுக்குள் வைத்துக்கொண்டேன், எந்த அவயவம் என்னைக் காட்டிக்கொடுத்ததோ அதற்கு மேலேயே. வேர்வையில் ஒட்டிக்கொண்டது. குளியலறையில் கிழித்துத் தண்ணீர் ஊற்றினால் இரண்டு நிமிஷம். பிறகு நாளைக்கு நான் ஒரு புது மனுஷன், பாவப்பட்ட மனுஷன், எல்லோரும் என்னைத் தேற்றுவார்கள், கோகிலா தேற்றுவாள், தோளைத் தொட்டு, தோளை, இல்லை, எழுந்திரு, முதலில் எழுந்திரு. கால் மரத்துப்போயிருந்தது. அப்போது கோகிலா உள்ளே வந்துவிட்டாள்.

"அய்யய்யோ, என்னங்க இது, கொடலு சரிஞ்ச மாதிரி" என்று சிரித்துக்கொண்டே எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கையில் தேங்காய் வாசனை. "முன்னாடி அத்தன அழகா வெச்சுட்டுப் பின்னாடி இப்படியா வெப்பாங்க? குடுங்க" என்று ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரே திசையில் போகிறதை எல்லாம் சேர்த்துப் பின்னுகிற மாதிரிக் கோக்க ஆரம்பித்தாள். பனியனுக்குள் தாள் நகர்ந்தால் சத்தம் கேட்குமோ என்று மூச்சைச் சின்னதாக விட்டேன். அவள் கையைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே, "ஒண்ணு சொல்லுட்டுமுங்களா? காலையில இருந்து உங்க மூஞ்சியே செரியில்ல. நாளைக்கு எடுக்கறதுக்குத்தான பயப்படறீங்க?" என்றாள். நான் தலையை ஆட்டினேனா இல்லையா தெரியவில்லை. "உங்களுதுல ஏதாச்சும் கொறைன்னு வந்தாலும் வந்துட்டுப் போகுதுங்க. நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன். அத்தைகிட்டக்கூட. ஏழு வருசமா எம்மேலதான இருக்குது, எனக்குப் பழகிப்போச்சு, அது அப்படியே இருந்துட்டுப் போகுட்டும்." சொல்லிவிட்டு ஒரு டேக்கைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். நான் தேடிய சந்து, அவளே கதவைத் திறந்து, விளக்கையும் போட்டுக் காட்டுகிறாள். போ என்கிறாள். இனி நான் கிழிக்கக்கூட வேண்டியதில்லை. என் முகம் எப்படி ஆனதோ, "அய்யோ, எதுக்குங்க அழுகறீங்க" என்று அவள் கையை நீட்டினாள், அந்தக் கை என் மேல் பட்டால் நான் இனி என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது, பனியனுக்குள் கையை விட்டு, ஈரமாக இருந்த அந்தத் தாளை எடுத்து, நீட்டிய அவள் கையில் வைத்தேன்.

எண்ணைத்தான் முதலில் பார்ப்பாள் என்று நினைத்தேன். தேதியைப் பார்த்தாள். கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனாள், வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, ஆவணியில் விரல் நின்றது. "எனக்கு ஓட்டை போட்டது ஆவணிலீங்க." "ஆமா." "அப்ப உங்களுக்குத் தெரியும்." "தெரியும்." "தெரிஞ்சுட்டேதான் தைலம் தேச்சீங்க." அவள் எழுந்து போனாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து நின்றபடியே, "அத்தைக்குப் போனு போடுங்க. ஸ்பீக்கர்ல" என்றாள், கத்தவில்லை, கத்தியிருந்தால் நான் எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். காங்கேயத்தில் அம்மா எடுத்தாள், பின்னால் டிவி ஓடியது. "சொல்லு சாமி. சாப்டாச்சா?" "அம்மா, கோகிலாகிட்ட ஒரு கொறையும் இல்ல. எங்கிட்டத்தான். டெஸ்ட்டுல வந்துருக்குது." டிவி நின்றது. அம்மா, "எப்பத் தெரியும்?" "போன வைகாசில." அம்மா குரலை இறக்கினாள், அவ்வளவு இறக்கிய குரலில் அம்மா என்னிடம் பேசியது நான் காய்ச்சலில் கிடந்தபோது மட்டும்தான். "அவகிட்டச் சொல்லீட்டயா? சொல்லாட்டிச் சொல்லீராத சாமி. பொம்பளைக்கு ஒண்ணுன்னா ஊரு பேசும், பேசி மறந்துரும். நீ ஆம்பள, நாலு பேரு முன்னால எப்படி நடப்ப?" போனை அணைக்கத்தான் பார்த்தேன், அம்மாவைக் காப்பாற்றவா என்னைக் காப்பாற்றவா. கோகிலா குனிந்து, போனுக்குப் பக்கத்தில், மரியாதை குறையாமல், "நான் கேட்டுட்டுத்தான் இருக்கறனுங்க அத்தை" என்றாள். அந்தப் பக்கம் "கண்ணு" என்று ஒரு சத்தம் வந்தது. அம்மாதான் முதலில் அணைத்தாள்.

ஒரு சின்னப் பையில் இரண்டு சேலை வைத்தாள். அன்னூரில் அவள் அப்பா வீடு. "கொண்டுபோயி விடறேன்" என்றேன். "வேண்டாமுங்க. பஸ்ஸு இருக்குது" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவைப் பிடித்தபடி, "நாளைக்குப் பத்து மணிக்கு அந்தப் பேப்பரோட நீங்க போங்க. என்னுது எதுவும் கொண்டு போகாதீங்க. நான் வந்தா வாரேன். எனக்கே இன்னும் தெரியலீங்க" என்று சொன்னாள். மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தம் கீழ் வீட்டுக் குழாயடி வரைக்கும் கேட்டது. நான் அழுவேன் என்று எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது, பத்து மாதத்தில் முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரை போய்வந்தது, அவள் வெயிலில் பையோடு பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் என் உடம்பு என்னைக் கேட்காமலே நிம்மதியாகிவிட்டது, அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன், ஆவணியை நினைத்தேன், தோளை நினைத்தேன், நிற்கவில்லை. பசித்தது. சமையலறையில் சோறும் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பும் இருந்தன, அவளும் சாப்பிடவில்லை என்பது தட்டை எடுத்த பிறகுதான் உறைத்தது. தட்டைத் திரும்ப வைத்துவிடலாம் என்று கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டேன்.